நாலு கோட்டுக்குள் டெலானிபூர்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அறுபதுகளைச் சேர்ந்த ஒரு பதிவேட்டில் முதல் பாதியை மட்டும் யாராலும் வாசிக்க முடியவில்லையாம். அந்தக் காலத்து ஆட்களில் இன்னும் நடமாட்டத்தோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். மேசையில் தடித்த பதிவேடு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழில் பாதி இந்தி.

"பாருங்க அங்கிள், இது எழுத்தா, இல்ல மையில விழுந்த பூரான் நடந்து போனதான்னே பதா நஹி சல்தா, தெரியவே மாட்டேங்குது" என்றாள். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இங்கேருந்து வேற ஆளு வந்துட்டாரு. இவரு எழுத்து அச்சு மாதிரி இருக்கு. அந்த மொதல் ஆள எப்படி வேலைல வச்சிருந்தாங்க?"

அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, அரை நாள் உட்கார்ந்து, என்னால் முடிந்தவரை வாசித்துக் கொடுத்தேன். என்னாலும் எல்லாவற்றையும் வாசிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்ன பொய் உறுத்த ஆரம்பித்தது. அந்த இரண்டு ஆளும் நான்தான். நடுவில் என் எழுத்தை மாற்றியது மூன்றே நாள். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பதை அந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வயதில் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினேன். எழுத்துத் தேர்வில் எப்படித் தேறினேன் என்று கேட்கக்கூடாது. விடைத்தாளைத் திருத்தியவர் இளகிய மனம் உள்ளவராக இருக்கவேண்டும், அல்லது மிகவும் களைத்துப் போயிருக்கவேண்டும். என்னைப் போட்டது புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பும் பிரிவில். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அதை ஏன் இழுக்கவேண்டும்?

அலுவலகத்தில் ஒரே ஒரு டைப்ரைட்டர். உப்புக்காற்றில் அதற்கு மாதத்தில் பாதி நாள் உடம்பு சரியிருக்காது. முக்கியமான கடிதங்கள் மட்டும் டைப் ஆகும், மற்றதெல்லாம் கையெழுத்து. எல்லாம் ஆங்கிலம். தலைமை கிளார்க்கை எல்லோரும் படே பாபு என்போம். தீவிலேயே பிறந்தவர், இந்திக்காரர், ஒல்லியாக, எப்போதும் வெள்ளைச் சட்டையில் இருப்பார். எழுதி முடித்ததும் நிப்பை ஒரு பழைய துணித்துண்டில் துடைத்து, பேனாவைக் கிடத்தி வைப்பார். அவர் எழுத்தில் ஒரு கமாவைக்கூடச் சந்தேகப்பட முடியாது.

படே பாபு யாரையும் திட்டமாட்டார். அவர் வழி வேறு. நாம் எழுதிக்கொண்டு போன தாளை, நாம் எழுத நினைத்ததை அல்ல, தாளில் தெரிவதை, அப்படியே உரக்க வாசிப்பார். ஒருமுறை காய்ச்சல் என்று லீவு கேட்டு எழுதினேன். ஃபீவர் என்று நான் எழுதியது அவர் கண்ணுக்கு ஃபேவராகத் தெரிந்தது. இரண்டு நாளாக உனக்கு யாரோ சலுகை காட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறதே, யார் அது என்று முகம் மாறாமல் விசாரித்தார். இன்னொரு முறை ஆசிரியர் விடுதிக்குப் பன்னிரண்டு கட்டில் கேட்டு எழுதினேன். கட்டிலுக்கான காட் என்பதைப் பூனைக்கான கேட் என்று வாசித்துவிட்டு, அங்கே எலி அவ்வளவு அதிகமா என்று கேட்டார். அலுவலகமே மேசைக்கடியில் குனிந்துகொண்டது.

சேர்ந்த ஆறாம் மாதம் என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதிப் பழகும் நாலுகோடு நோட்டு ஒன்று வாங்கித் தினமும் ஒரு பக்கம் எழுது என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஜங்லிகாட்டில் ராமநாதபுரத்து பாய் ஒருவரின் கடைக்குப் போய்க் கேட்டேன். பிள்ளை எத்தனாம் வகுப்பு என்றார் பாய். ஒன்றாம் வகுப்பு என்றேன். கல்யாணம்கூட ஆகாதவன் நான். அவர் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஒரு கமர்கட்டைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். அதைத் தெருமுனை திரும்புவதற்குள் தின்று முடித்தேன். அந்த நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். மீதியில் வண்ணானுக்குப் போட்ட துணிக்கணக்கு எழுதினேன். அந்த எழுத்தையும் வண்ணானால் வாசிக்க முடியவில்லை, என் வேட்டி ஒன்று கடைசிவரை வரவேயில்லை.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

மெட்ராஸிலிருந்து கப்பல் வரும் நாளில் எனக்கு ஒரு வேலை உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் நியமனக் கடிதத்தில் போர்ட் பிளேரில் வந்து சேரவும் என்று மட்டும்தான் இருக்கும். அவர் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதை ஒரு சீட்டில் கையால் எழுதி ஜெட்டிக்கு, அதாவது கப்பல் வந்து நிற்கும் துறைக்கு, அனுப்புவோம். ஜெட்டியில் இருப்பவர் சீட்டைப் பார்த்து ஆளைப் பிரித்து அனுப்புவார். அந்தச் சீட்டை எழுதுகிறவன் நான்.

அப்படி வந்த ஒரு கப்பலில் ஜெயசீலி என்று ஒரு டீச்சர் வந்தார். தூத்துக்குடிக்காரர். அவர் கணவர் அந்தோணிராஜ் இங்கே படகுப் பட்டறையில் ஃபிட்டர், டெலானிபூரில் குவாட்டர்ஸ். கல்யாணமாகி ஒரு மாதத்தில் அவர் தீவுக்கு வந்துவிட்டார். மனைவி டீச்சர் டிரெய்னிங் முடித்து, இங்கே வேலைக்கு எழுதிப் போட்டு, உத்தரவு வர நாலு வருடம் ஆகிவிட்டது. டெலானிபூர் பள்ளிக்கே போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் மனிதர் குவாட்டர்ஸுக்கு வெள்ளையடித்தார். ஆனால் கப்பல் ஒரு நாள் முந்தி வந்துவிட்டது. அன்று அவர் ஹேவ்லாக் தீவில் நின்றுபோன ஒரு படகின் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

டெலானிபூர் என்றால் போர்ட் பிளேருக்குள்ளேயே ஒரு மேடு. டிக்லிபூர் என்றால் வடக்கே, தீவின் மறுமுனை. படகில் இரண்டு நாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து டி. இரண்டும் ஒரே மாதிரி முடியும். நடுவே இருப்பதுதான் வேறு. என் எழுத்தில் நடுவே ஒன்றும் இருக்காது. ஒரு டி போட்டு, கோடு ஒன்றை நெளித்து இழுத்து, வாலில் கொண்டுபோய் முடிப்பேன்.

அன்று சாயங்காலமே வடக்கே போகும் படகு தயாராக நின்றது. ஜெட்டிக்காரர் சீட்டைப் பார்த்து, டிக்லிபூர் என்று டீச்சரின் பெட்டியைத் தூக்கி அதில் வைக்கச் சொல்லிவிட்டார். கணவர் கடிதத்தில் தமிழில் எழுதிய பெயரைத்தான் டீச்சருக்குத் தெரியும். இந்திக்காரர்கள் டெலானிபூரை இப்படித்தான் உச்சரிப்பார்கள் போலிருக்கிறது, துறைமுகத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும் படகு இது என்று நினைத்து ஏறிவிட்டார். மறுநாள் விடிந்தும் கரை வராதபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

நாலு நாள் கழித்து அந்தோணிராஜ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எஞ்சின் வேலை இழுத்துவிட்டதாம். ஹேவ்லாக்கிலிருந்து வந்து, டெலானிபூர் பள்ளியில் கேட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார், கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"தம்பி, எம் பொஞ்சாதிய எங்க அனுப்பி வச்சிருக்கிய?"

டெலானிபூருக்குத்தான் அண்ணே என்றேன். படே பாபு சீட்டின் நகலை எடுத்து வரச் சொன்னார். உரக்க வாசித்தார். டிக்லிபூர் என்றார். இல்லை என்றேன். அவர் அதைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். அங்கேயும் டிக்லிபூர். பியூனிடம் கொடுத்தார். பியூன் படித்தது ஐந்தாவதோ என்னவோ, அவரும் டிக்லிபூர் என்றார். கடைசியில் என்னிடம் தந்தார். மற்ற வரிகளைக் கையால் மறைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டினார். நான் அதைப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால், டிக்லிபூர் என்றுதான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தோணிராஜ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் அடுத்த படகு. டைப்ரைட்டர் வழக்கம்போலப் படுத்துவிட்டது. அதிகாரி அன்று மாலை சுற்றுப்பயணம் கிளம்புகிறார். தப்பைச் சரிசெய்கிற வேகத்தில் நானே திருத்த உத்தரவை எழுதினேன். டிக்லிபூருக்குத் தவறாக அனுப்பப்பட்ட ஆசிரியை டெலானிபூருக்கு மாற்றப்படுகிறார், இந்த உத்தரவைக் கொண்டுவரும் கிளார்க்குடன் அனுப்பி வைக்கவும். அதிகாரி காரில் ஏறும்போது கையெழுத்து வாங்கிவிட்டேன். படே பாபு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவரிடம் காட்டாமல் விட்டது அவசரத்தால் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தால்தான்.

அந்தோணிராஜுக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. ஜெட்டிக்கு வந்து ஒரு புதுக் குடையைக் கொடுத்தார். மழைக்காலம், அவளிடம் குடை கிடையாது என்றார்.

படகில் நான் பட்ட பாட்டை விவரிக்கவேண்டாம். இரண்டு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், மிகவும் கிட்டத்தில். டிக்லிபூருக்கான ஏரியல் பே ஜெட்டியில் இறங்கியபோது அந்தக் குடையை ஊன்றித்தான் நின்றேன். படகு அங்கே சரக்கை இறக்கி, மரம் ஏற்றிக்கொண்டு, நாலாம் நாள் காலையில் திரும்பும். எனக்கு மூன்று நாள் இருந்தது. ஒரு மணி நேர வேலைக்கு மூன்று நாள் எதற்கு என்று அப்போது நினைத்தேன்.

டிக்லிபூரில் அரசாங்கப் பொறுப்பில் இருந்தவர் குண்டாக, நிதானமாகப் பேசுகிற மனிதர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் காட்டை வெட்டி நெல் போட்டிருந்த ஊர் அது. பள்ளி எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்ததாம். இந்த டீச்சர் வந்த பிறகுதான் திறந்திருக்கிறார்கள். என் உத்தரவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு இந்தியில் எனக்கும் வாசித்துக் காட்டினார். டிக்லிபூரில் உள்ள ஆசிரியை டிக்லிபூருக்கு மாற்றப்படுகிறார். மீதி வரிகள் தனக்குப் பிடிபடவில்லை என்றார்.

"அவர் டிக்லிபூரில்தான் இருக்கிறார். உங்கள் உத்தரவு நிறைவேறிவிட்டது. டீ சாப்பிடுங்கள்" என்றார்.

அவர் வேண்டுமென்றே அப்படி வாசித்தாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அப்படி வாசிக்க இடம் கொடுத்தவன் நான். அப்படியானால் போர்ட் பிளேருக்கு ஒயர்லெஸ்ஸில் கேட்டுவிடலாமே என்றேன். தாராளமாகக் கேளுங்கள், செய்தியைப் படிவத்தில் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவார்கள் என்றார். எழுதினேன். பார்த்துவிட்டு, இதிலும் டிக்லிபூரிலிருந்து டிக்லிபூருக்குத்தான் என்று திருப்பித் தந்தார். பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தேன். மாடு முட்டிய வேலி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. வாசிக்க முடியாத தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

பள்ளிக்கூடம் மூங்கில் தட்டி வைத்த கொட்டகை. ஜெயசீலி டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் குடையை வாங்கிச் சுவரில் சாத்தினார். பிள்ளைகளைக் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, அவருக்கு வந்த பழைய சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இத எழுதுனது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"நாலு வருசமா ஒவ்வொரு தபாலுக்கும் வாசல்ல நின்னவ நான். நீங்க ஒரு பேர எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டிய?"

உள்ளே பிள்ளைகளின் பலகைக்குச்சிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொறுப்பாளர் சொன்னதைச் சொன்னேன். நீங்களே அந்தச் செய்தியை எழுதிக் கொடுங்கள், நான் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் எழுத்தைக் கரும்பலகையில் பார்த்திருந்தேன். படே பாபுவே எழுந்து நின்று வணங்கியிருப்பார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எழுதுனா, டீச்சரே தன்னோட மாத்தல தானே எழுதிக்கிட்டான்னு தூக்கிப் போட்டுருவாரு. ஒங்க கையாலதான் வரணும். உள்ள வந்து உக்காருங்க."

பள்ளிக்கு வந்திருந்த சாமான் பெட்டியில் நாலுகோடு அச்சிட்ட தாள்கள் ஒரு கட்டு ஈரம் கட்டிக் கிடந்தது. பிள்ளைகள் இன்னும் பலகையில்தான் எழுதிக்கொண்டிருந்ததால் அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அதில் பத்துத் தாளை உருவி, அடுப்பு மேட்டில் காயவைத்து, என் முன் வைத்தார். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, வங்காளிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். என் பக்கத்திலிருந்த சிறுமி என் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலம். உருண்டை எழுத்துகள் நீலங்களுக்குள் அடங்கவேண்டும். எல் மாதிரி நெட்டை எழுத்துகள் மேல் சிவப்பைத் தொடவேண்டும். ஜி, பி மாதிரி வாலுள்ளவை கீழ்ச் சிவப்புவரை இறங்கவேண்டும். டீச்சர் இரண்டு ஊர் பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். டிக்லிபூரில் மூன்றாவது எழுத்திலேயே ஜி கீழே இறங்கிவிடுகிறது. டெலானிபூரில் பி வரும்வரை கீழே இறங்க ஒன்றுமே இல்லை. இரண்டு ஊரும் இரண்டு வேறு மலைத்தொடர் மாதிரி இருந்தன. இரண்டு வருடம் தினமும் எழுதிய பெயர்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

முதல் நாள் முழுக்க டெலானிபூர். என் எல் நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றது. ஏ, என் இரண்டு எழுத்தும் ஒட்டிப் பிறந்தன. டீச்சர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கோட்டைத் தொடாததையெல்லாம் அடித்தார். ஒரு பக்கத்தில் முப்பது தடவை எழுதியிருந்தேன், இரண்டு தேறியது. மத்தியானம் பொறுப்பாளர் அந்த வழியாக வந்து தட்டி இடுக்கில் பார்த்துவிட்டுப் போனார். ஊர் முழுக்கச் சொல்லியிருக்கவேண்டும், மறுநாள் காலையில் தட்டிக்கு வெளியே கூட்டம் நின்றது.

இரண்டாம் நாள் நான் கோபித்துக்கொண்டேன். எனக்குக் கை அமைப்பே அப்படி, சிறுவயதிலிருந்தே மோசம் என்றேன். டீச்சர் என் தாளையும் பழைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் இல்ல. மொத எழுத்தையும் கடைசி எழுத்தையும் எழுதுதிய, நடுவுல உள்ளத முழுங்கிருதிய. என்ன எழுதுதோம்னு ஒங்களுக்குத் தெரியும். வாசிக்கவன் ஒங்க மண்டைக்குள்ளயா இருக்கான்?"

படே பாபு இரண்டு வருடமாக வாசித்து வாசித்துச் சொன்னதும் இதைத்தான். அப்போது எனக்கு அது கேலியாகப் பட்டது. அன்று உறைத்தது. அதன்பிறகு பேசாமல் எழுதினேன். சாயங்காலம் பக்கத்திலிருந்த சிறுமி தன் பலகையைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை படிவத்தில் செய்தியை எழுதினேன். எட்டு வரி. கோடில்லாத படிவம், ஆனால் கண்ணுக்குள் நாலு கோடும் தெரிந்தன. பொறுப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். டெலானிபூர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வேறு மாதிரி வாசிக்க வழி தேடினார் என்று நினைக்கிறேன். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. ஆசிரியையை உடனே டெலானிபூருக்கு அனுப்பவும்.

வெற்றிக் களிப்பில் பள்ளிக்கு நடந்தேன். வழியில் ஹரிபதோ என்று ஒரு குடியேற்றக்காரர் நின்றிருந்தார். முந்தின நாள் தட்டிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் இருந்தவர். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த சிறுமியின் அப்பா என்று பிறகு தெரிந்தது. டீச்சரை அழைத்துப் போகிறீர்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டினார். எதிர்ப்போ கோபமோ இல்லை. எட்டு மாதம் பூட்டிக் கிடந்ததற்குப் பழகிய முகம் அது.

"பாபு, ஹமாரா பீ ஏக் காகஜ் லிக் தோ" என்றார். எங்களுக்கும் ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள்.

வேறொரு ஆசிரியர் வேண்டும் என்று மேலே மனுப் போடவேண்டும். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் ஊரில் எவரும் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டால் பார்க்கலாம் என்கிறாராம். நான் பள்ளித் திண்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நாலுகோடு தாளிலேயே எழுதினேன். அந்தக் கோடுகள் இல்லாமல் எழுத இன்னும் முழுத் தைரியம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மனுவை அவர்களுக்காக எழுதியதைவிட எனக்காக எழுதியதே அதிகம். ஒவ்வொரு எல்லும் மேல் சிவப்பைத் தொட்டது. நடுவே எழுந்து நின்று தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தேன். கீழே நாற்பது பேர் வங்காள மொழியில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். தபாலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் டீச்சரோடு படகேறினேன். ஜெட்டிவரை பிள்ளைகள் வந்தார்கள். டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

போர்ட் பிளேரில் அந்தோணிராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார், டீச்சர் குடையை விரித்து அவருக்கும் சேர்த்துப் பிடித்தார், மழையே இல்லை. நாலடி போய் டீச்சர் திரும்பி வந்து, மீதி நாலுகோடு தாள்களை என்னிடம் கொடுத்தார். ஆர் எழுத்து இன்னும் சரியாக வரவில்லை, பழகுங்கள் என்றார்.

பழகினேன். அந்தப் பதிவேட்டின் இரண்டாம் பாதி அதுதான்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதைப் பெருமையாகவே எழுதியிருப்பேன். மூன்று வாரம் கழித்து டிக்லிபூர் மனு எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. படே பாபு அதை உரக்க வாசிக்கவில்லை, மௌனமாக வாசித்து, நல்ல எழுத்து என்று மட்டும் சொல்லி அதிகாரிக்கு அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மாலையில் அதிகாரி சொன்ன பதில் என் மேசைக்கு வந்தது, சுத்தமாக நகலெடுத்து அனுப்புவதற்கு. மனுவின் எழுத்தையும் ஆங்கிலத்தையும் பார்த்தால் அந்த ஊரில் நன்கு படித்த ஒருவர் இருப்பது தெரிகிறது, ஆசிரியர் கிடைக்கும்வரை அவரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், இந்த வருடம் புதிய நியமனத்துக்கு அவசரமில்லை.

பேனாவை எடுத்து டி போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. என் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தால்கூட அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் வந்திருப்பார். புரியாத எழுத்தால் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பிரித்தேன், அது சரியாகிவிட்டது. புரியும் எழுத்தால் ஒரு பள்ளிக்கூடத்தைப் பூட்டப்போகிறேன்.

படே பாபுவிடம் போய் மனுவை எழுதியது நான் என்றேன். அவர் அதைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது, சத்தியமாக மலர்ந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சாஹிபிடம் நான் சொன்னால் புகார் ஆகும். நீ சொன்னால் உண்மை ஆகும். போ" என்றார் இந்தியில்.

போனேன். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்க ஊழியன் தன் அலுவலகத்துக்கு எதிராக ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதா என்று மறுநாளே மெமோ வந்தது. இரண்டு வருடம் யாருக்கும் புரியாமல் எழுதியதற்கு எனக்கு ஒரு மெமோவும் வந்ததில்லை. மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் இரண்டே வரி எழுதினேன். அந்த ஊரில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கும் எழுத வந்தது அந்த மனுவுக்கு முந்தைய மூன்று நாளில்தான்.

மனுவுக்கான அந்தப் பதில் போகவேயில்லை, டிக்லிபூருக்கு மழைக்காலம் முடிந்த பிறகு ஓர் ஆசிரியர் போனார், மலையாளி, அங்கேயே பல வருடம் இருந்தார். ஆனால் நடுவே நாலு மாதம் அந்தக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியும்.

என் விளக்கத்தாள் அதிகாரியிடமிருந்து திரும்பி வந்தபோது மூலையில் ஒரே ஒரு சொல் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். படே பாபுவும் நானும் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தோம். டபிள்யூவில் ஆரம்பித்து டியில் முடிந்தது. எச்சரிக்கப்பட்டது என்பதற்கான வார்ன்டாகவும் இருக்கலாம், மன்னித்து விடப்பட்டது என்பதற்கான வேவ்டாகவும் இருக்கலாம். நடுவே நெளிந்த ஒரு கோடுதான். படே பாபு தாளைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், கடைசியில் என்னிடம் தந்து உனக்குத்தான் இதில் பழக்கம் அதிகம் என்றார். எனக்கும் தெரியவில்லை. போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன்.

"கேட்டால் யோசிப்பார். யோசித்தால் மறுபடி எழுதுவார்" என்று சொல்லி, தாளைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தண்டனையா மன்னிப்பா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.